முன் இடது சக்கரம்

ஈச்சனாரி கோயிலைத் தாண்டினதும் காலில் பட்டது. இடது காலில். வலது கால் இப்போது என்னுடையதாக இல்லை. காலையில் என் மனைவி துளசிதான் அதற்கும் ஒரு செருப்பை மாட்டி, முட்டியைப் பிடித்து மடக்கி, வண்டிக்குள் தூக்கி வைத்தாள், வைத்த இடத்தில் சிமெண்ட் மூட்டை மாதிரி கிடக்கிறது. இடது காலின் செருப்பை நானே நழுவவிட்டேன், உள்ளங்கால் தரைத் தகட்டில் படட்டும் என்று, ஏனென்றால் இந்த வண்டி எப்படிப் போகிறதென்று எனக்குக் காதைவிடக் காலில்தான் நன்றாகத் தெரியும். தகடு நான் வெட்டியது. அதற்கடியில் ஓடும் சட்டம் நான் பற்றவைத்தது. இன்ஜின் நடுங்குவது ஒரு மாதிரி, தார் கரகரப்பது ஒரு மாதிரி, இரண்டும் மாடியில் துளசி நடக்கிற சத்தம்போல எனக்குப் பழக்கம். இது வேறு. முன்பக்கம், இடது மூலையிலிருந்து, ஒரு டிக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிக். ஆடுகிற பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அப்படி என் கால் அங்கேயே போய் நிற்கிறது. ஒருவேளை சாலைதானோ, இங்கே எப்போதும் எதையாவது தோண்டிப்போட்டு மூடியிருப்பார்கள், மூடின இடம் தூக்கிப் போடும். இல்லை, இதோ நல்ல சாலை, வழவழவென்று ஓடுகிறது. டிக். எனக்கு அது என்னவென்று தெரியும், நேற்று மத்தியானத்திலிருந்தே தெரியும். ஹபீப் அதை மாட்டவில்லை. எதை? அதன் பெயர் வரமாட்டேன் என்கிறது. நட்டு தானாகக் கழன்றுவிடாமலிருக்க அதற்குக் குறுக்கே ஒரு துளை இருக்கும், அதில் செருகி இரண்டு காலையும் மடக்கிவிடுவோம், அந்தச் சின்னக் கம்பி. கை நிறைய அள்ளி அள்ளி மாட்டியிருக்கிறேன், கடையில் பெயர் சொல்லி வாங்கியிருக்கிறேன். பெயர் இருந்த இடத்தில் ஒரு குழி, ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கிறேன், கம்பி பளபளவென்று தெரிகிறது, பெயர்தான் தெரியவில்லை.

வண்டியை விலைக்குக் கேட்ட பொள்ளாச்சிக்காரர், முன்சக்கரம் இரண்டுக்கும் புது டயர் போட்டு, ஸ்டீரிங்கில் ஆட்டமில்லாமல் செய்து கொடுத்தால் இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமையே, வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்காக நேற்று ஹபீப் வந்தான். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே என்னோடு இருக்கிறவன், நான் சாய்த்துப் பிடிக்கிற தகட்டுக்கு மறுபக்கம் எப்போதும் அவன் தோள்தான் இருக்கும். நான் ஷெட்டுக்குள் கட்டிலில் கிடந்தேன், படி ஏற முடியாததால் இப்போது வீடு எனக்கு ஷெட்தான், தலைமாட்டில் தண்ணீர்ப் பானை, கால்மாட்டில் வண்டி. சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் நுனியில் ஒரு குண்டு மூட்டு உண்டு, பால் ஜாயின்ட், அதைப் பழையதைக் கழற்றிப் புதிது போட்டான். நட்டை முறுக்கினான். துளை நேருக்கு நேர் வரவில்லை. நட்டைக் கொஞ்சம் பின்னால் விட்டுப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் விட்டான், அந்தச் சின்னக் கம்பியை எடுக்கக் கையை நீட்டினான், அப்போது போன் வந்தது. அவன் மகள் பிரசவத்துக்குப் போயிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. பேரன் பொறந்திருக்கானுங்கண்ணா என்றான். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது, அந்தப் பெண்ணை நான் என் மோட்டார் சைக்கிள் டாங்கின்மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறேன். அவன் அப்படியே சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நான்கு நட்டையும் இறுக்கி, ஜாக்கியை இறக்கிவிட்டான். கம்பி முக்காலிமேல் கிடந்தது. நான் இடது கையைத் தூக்கி முக்காலியைக் காட்டினேன். அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். துவா செய்யுங்கண்ணா என்றான். நான் கத்தினேன், என்னால் முடிந்த அளவு கத்தினேன், சரி, சரி, சரி. அவன் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனான். சாயங்காலம் துளசி ஷெட்டைப் பெருக்கினாள். முக்காலியைத் தட்டித் துடைத்தாள். கம்பி குப்பையோடு போயிற்று.

சரி. எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். ஆடி மாசத்தில் ஒரு நாள் பற்றவைக்கிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்தேன், தரை பக்கவாட்டில் வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது துளசி குனிந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவள் ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை, திருமூர்த்தி, திருமூர்த்தி என்கிறாள், நான் தண்ணீர் என்று சொன்னேன், வாயிலிருந்து சரி என்று வந்தது. வலிக்கிறது என்றேன், சரி. நீ சாப்பிட்டாயா என்றேன், சரி. சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் தங்கிவிடும் என்று டாக்டர் அவளிடம் சொன்னாராம், சிலருக்குச் சாமி பெயர், சிலருக்குக் கெட்ட வார்த்தை. துளசி அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள். கட்டினதுலருந்து இந்த மனுஷன் வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்லீங்க டாக்டர் என்றாள். எழுதலாமே என்று நினைப்பார்கள். இடது கையில் பென்சிலைக் கொடுத்தார்கள், கோடு வருகிறது, வட்டம் வருகிறது, எழுத்து வரவில்லை, எழுத்தும் அதே குழிக்குள்தான் விழுந்திருக்கிறது. தலையாட்டலும் அப்படித்தான், வேண்டாம் என்று நினைத்தால் வேண்டும் என்று ஆடுகிறது, சொந்தத் தலையை நம்ப முடியவில்லை. உள்ளுக்குள்ளே மட்டும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, இதோ இவ்வளவும், நிற்காமல், வெளியே வரும்போது ஒரே ஒரு சல்லிக்காசாக விழுகிறது. போன மாசம் துளசி கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே சொன்னாள், ஷெட்டுல உங்களுக்கு ஒரு ரூம் எடுத்து, பாத்ரூம் கட்டணும், வண்டி நின்னா இடமில்லை, பொள்ளாச்சியில ஒருத்தரு கேக்கறாரு, குடுத்தரலாமுங்களா. சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தாள். சரி என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் போன் பண்ணினாள்.

டிக். டிக். இப்போது இரண்டு சேர்ந்து வருகிறது. மலுமிச்சம்பட்டி வந்துவிட்டது. துளசி ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகு சீட்டில் படாமல் உட்கார்ந்து ஓட்டுகிறாள், எப்போதும் அப்படித்தான். அவளுக்கு ஆட்டம் கையில் தெரியவேண்டும். தெரிகிறது, இல்லாமல் போகாது, ஆனால் இந்த வண்டி எப்போதுமே ஆடுகிற வண்டி, பழைய காலத்து ஒற்றை இரும்பு அச்சு, சின்னக் கல் ஏறினாலும் கைக்கு வரும், எது இயல்பான ஆட்டம் எது இல்லை என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள். நான் சொல்லவில்லை. அவள் இதை ஓட்டினதே கொஞ்சம்தான். ஹாட் ராட் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, பழைய காரை எடுத்து, வேண்டாததையெல்லாம் கழற்றி வீசிவிட்டு, ஓடுவதற்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைப்பது. மட்கார்டு கிடையாது. கூரையை நான்கு விரற்கடை அறுத்துத் தாழ்த்தியிருக்கிறேன். இன்ஜினுக்குப் பக்கத்து மூடி கிடையாது. வால்பாறையில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கூடு இது, ஓடு மட்டும், லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அக்கம்பக்கத்து மாடிக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மட்கார்டு இல்லாததால்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சக்கரத்தைப் பார்க்க முடிகிறது, நான் ஆசைப்பட்டு அப்படிச் செய்தேன், போகும்போது சக்கரம் சுற்றுவதைப் பார்க்கவேண்டும் என்று. இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது முன்சக்கரம் லேசாகத் தலையை ஆட்டுகிறது. வேண்டாம் என்று சொல்வதுபோல. அதற்காவது வேண்டாம் என்று சொல்ல வருகிறது.

சாவிக்குப் பதில் நடுவில் ஒரு தட்டு சுவிட்ச் வைத்திருக்கிறேன். அதைக் கீழே தட்டினால் இன்ஜின் நின்றுவிடும். என் வலது கை கிட்டே இருக்கிறது, அது வராது. இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோகவேண்டும். உடம்பு சாய்கிறது, பெல்ட் பிடிக்கிறது, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், டாஷ்போர்டில் துளசி போட்ட கோட்டின்மேல் விரல் ஊர்ந்து போகிறது. இந்தக் கோடு. மயிர்க்கனம், வெள்ளை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பு, மூச்சை அடக்கிக்கொண்டு போட்டாள். உக்கடத்தில் போர்டு எழுதுகிற கடையில் அவள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தவளை நான் முதலில் பார்த்தது அவள் கையைத்தான், லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள், ஏழுக்குக் காலை இழுத்த வேகத்தில் நான் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். இந்த வண்டியின் நெருப்புச் சுடர்கள், கதவுக் கோடு, பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விரிகிற சுருள், எல்லாம் அவள். ஒருதடவை கதவில் கோடு இழுத்துவிட்டு எட்டிப்போய் நின்று பார்த்தாள். என்னுங்க, கோடு நேராத்தான் இருக்குது, உங்க தகடுதான் கோணல் என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை நான். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன், கோணல்தான். சரிசெய்தேன், அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, அப்போது எல்லாச் சொல்லும் இருந்ததே. விரல் சுவிட்சில் பட்டது. தட்டினேன். இன்ஜின் அடங்கியது, காற்று மட்டும் ஊதியது, பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு ஒதுங்கிப் போனான். துளசி பதறி ஓரத்துக்கு ஒடித்தாள், ஒடித்தபோது சக்கரம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது, நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. நின்றுவிட்டது. அப்பாடா. இறங்கு, சுற்றி வா, குனி. அவள் என்னைத்தான் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. தெரியுமுங்க மாமா, உங்களுக்குக் குடுக்க மனசு இல்லைன்னு தெரியும், எனக்கு மட்டும் இருக்குதுங்களா என்றாள். சரி என்றேன். சரி சரி சரி. இடது கையால் சக்கரத்தைக் காட்டினேன், அவள் அந்தக் கையைப் பிடித்து மடியில் இறக்கி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, இதைப் புடிச்சுக்குங்க, ரோட்டுல சுவிட்சைத் தொடக்கூடாது சாமி என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஆக என்னிடம் இருக்கிற ஒரே கையில் இப்போது பாட்டில். கீழே விட்டால் உருளும். இந்த வண்டியின் தரை வலப்பக்கம் சாய்வு, அந்தச் சாய்வும் நான் வைத்ததுதான், உருண்டு போய் அவள் காலடியில், பிரேக்குக்கு அடியில் நிற்கும். பிரேக் அமுங்காது. சக்கரம் தனியாகப் போகிற நேரத்தில் பிரேக்கும் அமுங்காது. அதனால் பாட்டிலை விடமுடியாது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இந்த வண்டியைக் காப்பாற்ற என்னால் முடிந்த காரியம் இதுதான், ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பது. ஒத்தக்கால்மண்டபம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் இடப்பக்கம் ஒட்டி வருகிறார்கள், பின்னால் இருக்கிறவன் போனை நீட்டிப் படம் எடுக்கிறான், செமையா இருக்குதுங்ணா வண்டி என்கிறான். பார், தம்பி, சக்கரத்தைப் பார். பாட்டிலோடு கையை வெளியே நீட்டிச் சக்கரத்தைக் காட்டுகிறேன். அவன் போனை அங்கே திருப்பினான், நெருப்புச் சுடரைச் சக்கரத்திலிருந்து கதவுவரை ஆசையாகப் படம் பிடித்தான், கட்டைவிரலை உயர்த்தினான், முன்னால் பறந்துவிட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அதை யாரெல்லாமோ பார்ப்பார்கள், சக்கரம் தலையாட்டுவதும் அதில் இருக்கும், ஒருவருக்கும் தெரியாது. கழன்றால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வலது சக்கரம் அவள் சொல்வதைக் கேட்கும், இடது சக்கரம் தன் பாட்டுக்கு ஒடிந்து குறுக்கே நிற்கும், மூக்கு தரையில் இறங்கும், பின்பக்கம் மேலே வரும், கூரையை நான் அறுத்திருக்கிறேன், நான்கு விரற்கடை, அழகாக இருக்கும் என்று. துளசியின் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. நினைக்காதே. வேறு எதையாவது நினை. பொள்ளாச்சிக்காரர், சிவசண்முகம், கயிறு ஃபேக்டரி வைத்திருக்கிறவர், வண்டியைப் பார்க்க வந்தபோது கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னோடு அரைமணி நேரம் பேசினார், நல்ல மனுஷர், என்னைச் செத்தவன் மாதிரி நடத்தவில்லை. எம்பொண்ணுக்குத்தானுங்க இது, டிசைன் படிக்கறா, உங்க வண்டிய போன்ல பாத்துப் பாத்து வரைஞ்சு வெச்சிருக்கறா, அவதான் ஓட்டப்போறா என்றார். இந்தச் சாலையில் ஒன்றும் ஆகாமல் நாங்கள் போய்ச் சேர்ந்தாலும் ஆகும். அந்தப் பெண் உட்கார்வாள். வால்பாறை ரோட்டில் ஏற்றுவாள், கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு. நான் அவர்கள் வீட்டு வராந்தாவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கையசைப்பேன். அந்தப் பெண் முகத்தை நான் பார்த்ததில்லை, அதனால் ஹபீபின் மகள் முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வீசினேன். அதுதான் வழி, உருளாமல் கை காலியாவதற்கு, இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை. துளசி கண்ணாடியில் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேகத்தைக் கூட்டினாள், சீக்கிரம் போய் இதை முடித்துவிடவேண்டும் என்பதுபோல. நான் மறுபடி சுவிட்சுக்குச் சாய்ந்தபோது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் ஸ்டீரிங். மற்றக் கையில் நான். ஐயோ, இரண்டு கையையும் அதில் வை. நான் உடனே விட்டுவிட்டேன், கையை மடிக்குக் கொண்டுவந்துவிட்டேன், நல்ல பிள்ளையாக. அவள் மெதுவாக என் மணிக்கட்டை விட்டாள். கண்ணீர் அவள் கன்னத்தில் காற்றுக்குப் பக்கவாட்டில் ஓடியது.

கிணத்துக்கடவு பாலத்துக்கு முன்னால் வேகம் குறைந்தது. என் வேண்டுதலால் இல்லை. ஓரத்தில் இளநீர் வண்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை, புளியமரத்து நிழல். தண்ணிய வீசிட்டீங்க, இளநியாவது குடிங்க என்று சொல்லி அவள் நிறுத்தி இறங்கிப் போனாள். சுவிட்சை அணைத்து, என் பக்கத்துக் கண்ணாடியை மீதியும் இறக்கிவிட்டுத்தான் போனாள். இளநீர்க்காரர் வெட்டுகிறார், அவள் பையில் தேடுகிறாள், முதுகு காட்டி நிற்கிறாள். இப்போது விட்டால் அடுத்து பாலம். பெல்ட் கொக்கி இடுப்பில், இடது கை போகும், போயிற்று, அமுக்கினேன், கழன்றது. கதவு பின்பக்கம் கீல் வைத்தது, முன்பக்கம் திறக்கும், கைப்பிடியைத் தள்ளினால் போதும், தன் கனத்தில் திறந்துகொள்ளும். திறந்தது. இறங்குவதெப்படி. இடது காலைத் தரையில் ஊன்றினேன், வலது கால் உள்ளேயே கிடக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும். எழுந்தேனா விழுந்தேனா தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தது. முழங்கை எரிந்தது, வாயில் மண். தரை இந்தத் தடவையும் பக்கவாட்டில்தான் வந்தது, ஆனால் இந்தத் தடவை நான் கேட்டு வந்தது. இடது கையை ஊன்றி இழுத்தேன், வயிறு தரையில் உரசியது, சக்கரம் இதோ, இன்னும் ஒரு முழம், டயரின் சூடு முகத்தில் அடிக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். கம்பி கிடைத்தது. மூட்டு கிடைத்தது. நட்டு விரலிலேயே சுற்றியது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யாரோ ஓடி வந்தார்கள். ஐயா விழுந்துட்டாரு, புடிங்க, புடிங்க. லுங்கிகள், ஒரு பேன்ட், வெறும் கால்கள். நல்லவர்கள். அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குகிறார்கள். நான் விடவில்லை. சரி என்று கத்துகிறேன், சரி சரி. சரிங்கய்யா, சரிங்க, ஒண்ணுமில்லை, கையை மட்டும் விடுங்க என்கிறார் ஒருவர், தகப்பன் மாதிரிப் பேசுகிறார், விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். பிரிக்காதே. சுண்டுவிரல் போயிற்று. மோதிரவிரல் போயிற்று. இன்னும் இரண்டு விரலில் என் துளசி தொங்கிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பெண் தொங்கிக்கொண்டிருக்கிறாள், பிரிக்காதே. வாய் என்ன சொல்கிறதோ அதற்கு எதிராக எடுத்துக்கொள்ள ஒருத்தருக்குக்கூடத் தோன்றாதா.

துளசி வந்துவிட்டாள். வெளிறிப்போன முகம். எல்லோரையும் விலகச் சொன்னாள், அவரை அப்படியே விடுங்க, அவருக்கு வலது பக்கம் வராதுங்க, இழுத்தா தோள் எறங்கிரும் என்றாள். என் பக்கத்தில் மண்டியிட்டாள், கையைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, என் விரல்கள் எங்கே மாட்டியிருக்கின்றன என்று பார்ப்பதற்காகக் கன்னம் ரோட்டில் படுகிற அளவு குனிந்தாள். நல்ல புடவை. இன்றைக்கென்று கட்டியிருந்த ஊதாப் புடவை. முகம் என் முகத்துக்கு நேரே வந்தது, பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்தது. கண் கூர்மையாவது தெரிந்தது, கோடு இழுக்கும்போது வருகிற கண். கையை நீட்டினாள். அவள் விரல் என் விரலுக்குப் பக்கத்தில் வந்து நட்டைத் தொட்டது, சுற்றியது, அது சுற்றியது. இரண்டு விரலுக்கே சுற்றியது. விரல் நுனியால் குறுக்குத் துளையைத் தடவிப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“ஸ்பிளிட் பின் இல்லையே.”

அது. அதுதான். ஸ்பிளிட் பின். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டது, நிம்மதியாக, இவ்வளவு நேரமும் குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்த கால் பின்னால் வந்தது. என் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. அவள் என்னைப் பார்த்தாள். ரோட்டில் இரண்டு பேரும் படுத்தபடி, தலைமாட்டில் அத்தனை ஜனம் நிற்க, அவள் பார்த்த பார்வையை நான் கண்டதில்லை, அவள் அப்பா செத்தபோதுகூட. “சுவிட்சை அணைச்சது இதுக்கா மாமா? பாட்டிலு?” சரி என்றேன். சரியாகச் சரி. பொருந்தி வந்தது, ஆனால் நான் சொன்னதா அதுவாக வந்ததா என்று எனக்கே தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும். அவள் என் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

என்னைத் தூக்கி மறுபடி சீட்டில் வைத்தார்கள். பஞ்சர் கடைக்காரர் படுத்துக்கொண்டு நட்டை முறுக்கி, தன் தகர டப்பாவில் தேடி ஒரு பின்னைப் போட்டு, குறட்டால் கால்களை மடக்கிவிட்டார். வெளியே வந்து கையைத் துடைத்தபடி, நட்டு கடைசி மரையில நின்னுதுங்க அம்மிணி, பாலத்து மேல ஏத்தியிருந்தீங்கன்னா என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். துளசி அவரைக் கும்பிட்டாள். ஜனம் கலைந்தது. சிலர் வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் நடந்தது. அவள் தன் பக்கம் ஏறி உட்கார்ந்தாள், இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்தாள், சுவிட்சைத் தட்டவில்லை. என் முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, அவள் அதையும் பார்க்கவில்லை, நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மண்டைக்குள் என்ன ஓடுகிறதென்று எனக்குத் தெரிந்தது, தெரிந்ததுதான் பயமாக இருந்தது. கேட்காதே துளசி. வண்டியைக் கொடுக்கவேண்டும் என்றா, கூடாது என்றா, உள்ளேகூட எனக்கு அது தெளிவாக இல்லை. ஷெட்டில் ஒரு ரூம் வேண்டும்தான், எத்தனை நாள் நீ என்னைத் தூக்கி வெளியே கொண்டுபோய் உட்காரவைப்பாய். காலையில் கண் விழித்ததும் கால்மாட்டில் அந்தச் சுடர் தெரியவேண்டும்தான், அது தெரியாத காலையில் நான் எதற்குக் கண் விழிக்கவேண்டும். அந்தப் பெண் வரைகிறாளாம், கொடுக்கலாம்தான். இதெல்லாம் ஒரு பதிலா. சொல் இருந்தாலும் இதை எப்படிச் சொல்வது.

கேட்டுவிட்டாள். “அன்னைக்கு வண்டியைக் குடுத்தரலாமான்னு கேட்டேன். சரின்னீங்க. அதும் இப்படித்தானுங்களா?” என் பக்கம் திரும்பி, அன்றைக்குப் பார்த்ததுபோல, என் வாயைப் பார்த்தாள். அந்தச் சரி வருகிறது. தொண்டையிலிருந்து ஏறுகிறது, நாக்கு தயாராக இருக்கிறது, எப்போதும் தயாராக இருக்கிறது. இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டேன். மண்ணும் கிரீஸும் ரத்தமும் உதட்டில் பட்டது. உள்ளங்கைக்குள் அது முட்டியது, சூடாக, நான் இன்னும் அழுத்தினேன். வாந்தி வருதுங்களா என்று அவள் பதறித் துண்டை எடுத்தாள். என் தலை ஏதோ ஒரு பக்கம் ஆடியது. துண்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. துண்டை மெதுவாக மடியில் இறக்கினாள், என் கையையே பார்த்தாள்.

போன் அடித்தது. பொள்ளாச்சிக்காரர். எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டிருப்பார், வீட்டில் சாப்பாடு தயார் என்றிருப்பார், அந்தப் பெண்ணின் குரல்கூடப் பின்னால் கேட்டது. இல்லைங்க, இன்னைக்கு வரலைங்க என்றாள் துளசி. முன்னாடி ஸ்டீரிங்குல ஒரு வேலை இருக்குதுங்க. எப்போது என்று கேட்டிருக்கவேண்டும். என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். சொல்றனுங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் புரிந்துகொண்டுதான் சொன்னாளா, இல்லை, இந்தச் சக்கரத்தை நம்பி இனி ஒரு அடிகூட ஓட்டப் பயந்து சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் வழியில்லை. இளநீர்க்காரர் மறந்துபோன இளநீரை ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கி, குழலைப் போட்டு, என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். கைய எடுங்க, குடிங்க என்றாள். எடுத்தால் அது வந்துவிடும். தொண்டை காய்ந்து ஒட்டுகிறது, இளநீர் வாசனை மூக்கில் ஏறுகிறது, குழலின் நுனி என் விரல்களின்மேல் முட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் கையை இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டே இருக்கிறாள்.